கச்சிப்பேட்டு அரண்மனையும் ஏழு நாள் திருவிழாவும்

பழம்பெரும் அரண்மனைகளுக்கு ஆண்டு நிறைவு விழா எடுத்து, ஊர் மக்களையும் வெளியூர்ப் பயணிகளையும் உள்ளே அழைத்து, இசையும் ஊர்வலமும் விளக்கொளியுமாக அந்நாட்களை நடத்துவது இன்று பல நாடுகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி வேட்டையின்போது தங்குவதற்காக 1623இல் எழுப்பிய சிறு மாளிகையிலிருந்து வளர்ந்த வெர்சாய் அரண்மனைக்கு 2023இல் 400ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது. 1897இல் அரச குடும்பத் திருமணம் ஒன்றின்போது தீப்பற்றி அழிந்த பழைய மரமாளிகையின் இடத்தில் 1912இல் கட்டி முடிக்கப்பட்ட மைசூர் அரண்மனை, ஒவ்வொரு தசராவிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளோடு மக்கள் முன் நிற்கிறது. இவற்றோடு ஒப்பிட்டால் காஞ்சிபுரத்தின் நிலை வேறானது. நான்காம் நூற்றாண்டு தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டு வரை, இடையிடையே கைமாறிய காலங்கள் நீங்கலாகப் பல்லவர்களுக்கும், அதன்பின் வடபகுதியை ஆள வந்து தங்கிய சோழர்களுக்கும் அரச இருக்கையாக விளங்கிய இந்நகரில், மன்னர் வாழ்ந்த மாளிகை என்று பயணிக்குக் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. எனினும் அம்மாளிகையில் அமர்ந்து ஓர் அரசன் பிறப்பித்த விழா ஆணை, செலவுக்கான முதல், பொறுப்பாளர், கணக்குத் தணிக்கை ஆகிய ஏற்பாடுகளோடு செப்பேட்டில் எஞ்சியிருக்கிறது. அரண்மனை அழிந்தும் அதன் விழா ஏற்பாடு அழியாமல் நின்ற இந்த வரலாற்றை ஆராய்வதே இப்பகுதியின் நோக்கம்.

அரண்மனை ஏன் எஞ்சவில்லை என்ற கேள்விக்குப் போர்களை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றி அக்கோயிலை அமைத்ததைத் தனிச் சிறப்பாகக் கூறுகிறது. அதுவரை பெருங்கட்டடங்கள் யாவும் இந்நான்கு பொருள்களாலேயே எழுந்தன என்பதும், கல்லால் கட்டுவது தெய்வத்திற்கென்று புதிதாகத் தொடங்கப்பட்ட முயற்சி என்பதும் இக்கூற்றிலிருந்தே புலப்படும். இறைவனின் இல்லம் கல்லுக்கு மாறிய பின்னும் அரசனின் இல்லம் மரத்திலும் செங்கல்லிலும் சுதையிலுமே தொடர்ந்தது. மாமல்லபுரத்தில் பீமரதம் என வழங்கும் ஒற்றைக்கல் கட்டடத்தின் வண்டிக்கூடு போன்ற வளைந்த கூரையும் அதன் விளிம்பில் வரிசையாக நிற்கும் சிறு மாடங்களும் மரவேலைப்பாட்டைக் கல்லில் செதுக்கிக் காட்டியவை என்பதால், பல்லவர் காலத்து மாளிகைகளின் தோற்றத்தை ஓரளவு ஊகிக்க அவை உதவுகின்றன. மரத்தாலான அரச மாளிகையின் உட்புறம் எவ்வாறு ஒழுங்குபெற்றிருக்கும் என்பதை அறிய விரும்புவோர் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைக் காணலாம். அது காலத்தால் மிகப் பிற்பட்டது, மரபாலும் வேறுபட்டது, ஆயினும் தொடர்ந்த பராமரிப்பு இருந்தால் மட்டுமே மரம் நிற்கும் என்ற உண்மைக்கு அதைவிடச் சிறந்த சான்று தென்னாட்டில் இல்லை. காஞ்சியில் பல்லவர்மேடு என மக்கள் வழங்கும் மண்மேடு, அரண்மனை இருந்த இடமாக ஊர் வழக்கில் சொல்லப்படுகிறது. 1970-71இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கு அகழாய்வு நடத்தியிருக்கிறது. ஆயினும் இன்று அங்கு செல்பவர் காண்பது மேடு மட்டுமே.

அரண்மனையைக் காண விரும்பும் பயணி உண்மையில் செல்ல வேண்டிய இடம் வைகுந்தப் பெருமாள் கோயிலாகும். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவமல்லன் எழுப்பிய இக்கோயில் பரமேச்சுர விண்ணகரம் என்ற பெயரில் திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்றது. மூன்று தளங்களிலும் திருமாலுக்குத் தனித்தனிக் கருவறை கொண்டது. இதன் விமானத்தைச் சுற்றிச் செல்லும் திருச்சுற்று மாளிகையில், அதாவது சிம்மத் தூண்கள் தாங்கும் கூரையோடு கூடிய சுற்று நடையில், சுவர் நெடுகப் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவை புராணக் கதைகள் அல்ல. பிரமனில் தொடங்கிப் பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் வழியாகப் பல்லவ குலத்தின் தோற்றத்தைக் கூறி, அரசர்களின் முடிசூட்டல், போர், தூது, அவை, இறப்பு என நகர்ந்து, கோயிலைக் கட்டிய மன்னனின் சொந்த வரலாறு வரை வந்து சேரும் ஒரு குலவரலாறு. தம் குலத்தின் வரலாற்றை இவ்வளவு தொடர்ச்சியாகக் கல்லில் செதுக்கி வைத்த அரச மரபு தென்னாட்டில் வேறில்லை என்றே கூறலாம். இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு விளக்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1936இல் முனைவர் பட்டம் பெற்று, அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் என்ற சிறப்புக்கு உரியவரான சி. மீனாட்சி ஆவார். அவரது ஆய்வு நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே, முப்பத்தைந்து வயதுக்குள், காலமாகிவிட்டார். இன்று இச்சிற்பங்களுக்கு விளக்கம் சொல்லும் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு வழிகாட்டியும் அவருக்குக் கடன்பட்டிருக்க, அவர் பெயர் காஞ்சிக்கு வருவோரிடையே பரவலாக அறியப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

பல்லவமல்லன் அரசுரிமை பெற்ற வரலாறு சிற்பங்களோடு சேர்த்து ஒரு தமிழ்க் கல்வெட்டாகவும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் பரமேச்சுரவர்மன் இறந்தபின் நாட்டுக்கு வாரிசு இல்லாமற்போகவே, அரச அவையோரும், கடிகையாரும், மூலப்பிரகிருதியாரும் ஒன்றுகூடிப் பல்லவரின் கிளைக்குடியில் வந்த இரணியவர்மனிடம் சென்றனர். கடிகை என்பது காஞ்சியில் இயங்கிய உயர்கல்வி நிலையம். மூலப்பிரகிருதியார் என்பது நாட்டின் முதன்மைக் குடிமக்களைக் குறிக்கும். இரணியவர்மன் தன் மக்களிடம் யார் செல்வது என்று வினவ, மூத்தவர்கள் மறுத்தனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய இளையவன் பல்லவமல்லன் தான் செல்வதாகக் கூறினான். மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து அவன் வருவதறிந்த பல்லவடி அரையர் என்னும் தலைவர், பெரும்படையோடு எதிர்சென்று, சிறுவனை யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்குள் அழைத்து வந்தார். நகரத்தாரும் சிற்றரசர்களும் எதிர்கொள்ள, நந்திவர்மன் என்ற பெயர் சூட்டப்பட்டு முடிசூட்டல் நிகழ்ந்தது. சுவரில் இக்காட்சி முன் நிற்பவர் கூர்ந்து நோக்கினால், இருக்கையில் நடுவே அமர்ந்த அரசனையும், இருபுறமும் நின்று நீராட்டுவோரையும், குடையையும் கவரியையும், பணிந்து நிற்கும் அவையோரையும் காணலாம். ஆயிரத்து இருநூறு ஆண்டுக் காற்றும் ஈரமும் மணற்கல்லின் மேற்பரப்பைத் தின்றுவிட்டதால் முகங்கள் மழுங்கிவிட்டன. யார் உயர்ந்து அமர்ந்திருக்கிறார், யார் கை குவித்திருக்கிறார் என்பது மட்டும் உடலின் அமைதியால் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. காஞ்சி அரண்மனையின் உள்ளே நிகழ்ந்ததை அறிய நமக்குக் கிடைத்துள்ள மிக நெருங்கிய காட்சி இதுவேயாகும். முடிசூட்டல் நடந்த ஆண்டை அறிஞர்கள் 731ஐ ஒட்டியதாகக் கணிக்கின்றனர்.

முடிசூடிச் சில ஆண்டுகளிலேயே அந்த அரண்மனையைப் பல்லவமல்லன் இழக்க நேர்ந்தது. வாதாபிச் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் 740ஐ ஒட்டிக் காஞ்சியைக் கைப்பற்றினான். நகரை அவன் அழிக்கவில்லை என்றும், இராசசிம்மேச்சுரத்தின் செல்வங்களைக் கண்டு அவற்றை இறைவனுக்கே திரும்ப அளித்தான் என்றும் அவன் வழியினரின் செப்பேடுகள் கூறுகின்றன. இராசசிம்மேச்சுரம் என்பது இன்றைய கைலாசநாதர் கோயில். அதன் முன்மண்டபத் தூண் ஒன்றில் விக்கிரமாதித்தன் பொறித்த கன்னடக் கல்வெட்டு இன்றும் உள்ளது. வென்றவன் தன் பெயரைப் பொறிக்க அரண்மனையைத் தேர்ந்தெடுக்காமல் கோயிலைத் தேர்ந்தெடுத்தான் என்பது கவனிக்கத்தக்கது. அவன் பட்டத்தரசி உலோகமாதேவி, காஞ்சியை மும்முறை வென்ற நிகழ்வின் நினைவாகப் பட்டதக்கல்லில் எழுப்பிய கோயிலே இன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றான விருபாட்சர் கோயிலாகும். ஆக, காஞ்சியின் வரலாற்று நிகழ்வொன்றுக்கு எடுக்கப்பட்ட மிகப் பெரிய நினைவுக் கட்டடம் காஞ்சிக்கு வெளியே, அதுவும் வென்றவரின் நாட்டில் நிற்கிறது.

சோழர் காலத்துக்கு வரும்போது காஞ்சி அரண்மனையைப் பற்றிய நேரடிக் குறிப்புகள் கிடைக்கத் தொடங்குகின்றன. முதலாம் இராசராசனின் தந்தையான சுந்தர சோழன், கல்வெட்டுகளில் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ எனப்படுகிறான். துஞ்சுதல் என்பது அரசர் இறந்ததைக் குறிக்க அக்காலத்தார் கையாண்ட சொல். அவன் இறந்த பொன்மாளிகை காஞ்சியில் இருந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில், ஆதித்த கரிகாலன் தன் தந்தைக்காகக் காஞ்சியில் பொன்மாளிகை எழுப்புவதாக வருவதால், அப்புதினத்தைப் படித்த தலைமுறைகள் பல அந்த மாளிகையை மனத்தில் கட்டி வைத்திருக்கின்றன. புதினம் தரும் மாளிகை புதின ஆசிரியருடையது. வரலாறு தருவது மாளிகையின் பெயரையும் அங்கு நேர்ந்த ஒரு மரணத்தையும் மட்டுமே.

பொன்மாளிகையைவிடத் தெளிவாகக் காஞ்சி அரண்மனையின் உள்ளே நம்மை அழைத்துச் செல்வது, சுந்தர சோழனுக்குப் பின் ஆட்சிக்கு வந்த உத்தம சோழனின் செப்பேடாகும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருப்பதால் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள் என அறிஞர்கள் குறிப்பிடும் இவ்வேடுகளின் தொடக்கப் பகுதி தொலைந்துவிட்டது. எஞ்சியவற்றை இணைக்கும் வளையத்தின் முத்திரையில் சோழரின் புலி, பாண்டியரின் கயல், சேரரின் வில் ஆகிய மூன்று சின்னங்களும் உள்ளன. உத்தம சோழனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது 985ஐ ஒட்டி, அவன் ஆட்சி முடியும் தறுவாயில் இவ்வாணை பிறந்தது. அரசன் அப்போது கச்சிப்பேட்டுக் கோயிலின் உள்ளே, தெற்கில் அமைந்த சித்திர மண்டபத்தில் எழுந்தருளியிருந்தான் என்று ஏடு கூறுகிறது. கச்சிப்பேடு என்பது காஞ்சியின் அக்காலப் பெயர். கோயில் என்பது இங்கு அரசனின் இல்லத்தைக் குறிக்கும். சித்திர மண்டபம் ஓவியங்களால் அணி செய்யப்பட்ட கூடமாதல் வேண்டும். சுவர்கள் அனைத்தும் மறைந்த ஓர் அரண்மனையில், தெற்குப் பக்கத்தில் ஓவியக் கூடம் ஒன்று இருந்தது என்பதும், அங்கு அமர்ந்து அரசன் விண்ணப்பம் கேட்டான் என்பதும் இந்த ஒரு தொடரால் நமக்குக் கிடைக்கின்றன.

அன்று சித்திர மண்டபத்தில் அரசன் முன் வைக்கப்பட்ட விண்ணப்பம் போரைப் பற்றியதோ வரியைப் பற்றியதோ அன்று. சோழ மூவேந்த வேளான் என்ற பட்டம் பெற்ற அதிகாரி ஒருவர், கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாளின் வருவாயையும் செலவையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று விண்ணப்பித்தார். ஊரகம் என்பது இன்று பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்கு அருகே உள்ள உலகளந்த பெருமாள் கோயிலாகும். வானளாவக் காலுயர்த்தி நிற்கும் திருவிக்கிரமனின் மாபெரும் சுதை உருவம் அங்கே உள்ளது. ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு திவ்விய தேசங்கள் அந்த ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. நகரில் முகந்து அளக்கப்படும் பொருளுக்கான கால் அளவு கூலியும், தூக்கி நிறுக்கப்படும் பொருளுக்கான கோல் நிறை கூலியும் அப்பெருமாளுக்குரிய வருவாயாக இருந்தன. அளவையும் எடையும் மிகுந்து நடக்கும் ஓர் அங்காடி நகரில் இது சிறு வருவாய் அன்று. காஞ்சியில் விற்ற ஒவ்வொரு மூட்டையும் கோயிலின் விளக்குக்குச் சிறிது எண்ணெய் தந்தது என்று கொள்ளலாம். இவற்றோடு, கோயிலின் பொன்னைக் கடனாகப் பெற்ற ஊர்களும் நகரின் சேரிகளும் ஆண்டுதோறும் வட்டி செலுத்தி வந்தன. கழஞ்சு எனப்படும் எடையளவில் பொன் தரப்படும். பெற்றவர்கள் முதலைத் தொடாமல், பொலிசை எனப்படும் வட்டியை நெல்லாகவோ பொன்னாகவோ செலுத்திக்கொண்டே இருப்பர். இன்றைய அறக்கட்டளைகளின் நிலைவைப்பு நிதி இயங்குவதும் இவ்வாறே.

அவ்வருவாய் எதற்கெதற்குச் செல்ல வேண்டும் என்பதை ஆணை வகுத்துக் கூறுகிறது. அன்றாட அமுதுக்கு அரிசி, விளக்குக்கு எண்ணெய், திருநந்தவனத்தில் பூப்பறித்துத் தொடுப்போர்க்கு வாழ்க்கைப்படி, உவச்சர் எனப்படும் இசைக்கருவி முழக்குவோர்க்கு நெல், வழிபாடு நடத்தும் வேதம் வல்ல அந்தணர்க்கும் அவருக்கு உதவும் மாணி எனப்படும் பிரமசாரிக்கும் ஊதியம் ஆகியவை நாள்தோறும் உள்ள செலவுகள். இவற்றுக்கும் மேலாகச் சித்திரைத் திருவிழாவின் ஏழு நாட்களுக்குமான செலவு தனியாக ஒதுக்கப்பட்டது. விழா நாட்களில் எரியும் எண்ணெய், சாத்தும் பூவும் சந்தனமும், திருமேனியைச் சுமந்து வீதி வலம் வருவோர்க்குக் கூலி, வந்தோர்க்கு உணவு என்பன அதில் அடங்கும். விழாவில் முழங்கும் பறைக்கும் எரியும் திரிக்கும் மனிதக் கைகள் வேண்டும் என்பதையும், அக்கைகளுக்கு உரியவர்க்குக் கூலி உறுதியாக வேண்டும் என்பதையும் அரசவை மறக்கவில்லை. விழாவின் பெருமையைப் பாடும் நூல்கள் தமிழில் ஏராளம். திருமேனி சுமப்பவரின் கூலியை அரசாணையாக எழுதிய இத்தகைய ஏடுகள் அவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

ஆணையின் மிகச் சிறந்த பகுதி பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதாகும். அரசனோ அதிகாரியோ அப்பொறுப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஏற்றுவழிச்சேரி, அதிமானப்பாடி உள்ளிட்ட நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர்களிடம் அது ஒப்படைக்கப்பட்டது. சேரி என்பது அக்காலத்தில் ஒரு தொழிலாரோ குழுவினரோ சேர்ந்து வாழும் நகர்ப்பகுதியைக் குறிக்கும் பொதுச்சொல். சீகாரியம் எனப்படும் கோயில் நிருவாகத்தை இந்நெசவாளர் கண்காணித்தனர்; விழா முடிந்த கையோடு, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்டை வாரியத்தாரும் நகரத்தாரும் அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் வாரியத் தேர்தல் முறையை அறிந்த வாசகர்க்கு ஆட்டை வாரியம் புதியதன்று. ஆனால் உத்தரமேரூர் அந்தணர் ஊர், காஞ்சியோ வணிகரும் நெசவாளரும் நிறைந்த மாநகர். அரண்மனைக்குள் பிறந்த விழா ஆணையொன்று தறியில் அமர்ந்தவர்களின் கையில் நிருவாகமாக வந்து சேர்ந்தது என்பதில்தான் அது நிலைத்ததன் காரணம் அடங்கியிருக்கிறது. நகரம் பின்னர்ச் சம்புவராயர், தெலுங்குச் சோடர், காகதீயர், பாண்டியர், விசயநகரத்தார் எனப் பலர் கைக்கு மாறியபோது, அரண்மனையை நம்பியிருந்த ஏற்பாடு ஒவ்வொரு முறையும் அறுந்திருக்கும். தெருவை நம்பிய ஏற்பாட்டுக்கு அந்த இடர் இல்லை.

இவ்விடத்தில் சோழர் தம்மைத் தாமே கொண்டாடிய முறையையும் குறிப்பிட வேண்டும். முதலாம் இராசராசன் பிறந்த விண்மீன் சதயம். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரை என்பதைத் திருவாரூர்க் கல்வெட்டு அவன் வாய்மொழியாகவே தெரிவிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் மாதந்தோறும் வரும் சதய நாள், ஆண்டில் பன்னிரண்டு விழாக்களாகக் கொண்டாடப்படக் கொடை அளிக்கப்பட்டது. பிறந்தவன் அரசனாயினும் விழா நடந்த இடம் அரண்மனை முற்றம் அன்று, கோயில் திருமுற்றம். அமுதும் விளக்கும் அரசன் பெயரால் இறைவனுக்குப் படைக்கப்பட்டு மக்களைச் சேர்ந்தன. இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை இன்று மாளிகைமேடு என்ற ஊர்ப்பெயராகவும், அகழாய்வுக் குழிகளில் தென்படும் செங்கல் சுவர்களாகவும், கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பாண்ட ஓடுகளுமாகவும் மட்டுமே கிடைக்கிறது. அவன் பிறந்த ஆடித் திருவாதிரையோ தமிழ்நாட்டரசின் விழாவாக ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

காஞ்சியின் நெசவாளர்க்கும் கோயில் விழாவுக்கும் இருந்த உறவு பத்தாம் நூற்றாண்டோடு முடியவில்லை. விசயநகரக் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், காஞ்சியின் நெசவாளரான கைக்கோளர் தண்டு எனப்படும் பல்லக்கில் ஏறிச் செல்லவும் சங்கு ஊதிக்கொள்ளவும் உரிமை பெற்றிருந்தனர். வேறு பகுதிக் கைக்கோளர்க்கு அதே உரிமையை வழங்கும்போது காஞ்சியில் உள்ளபடி என்று கல்வெட்டு அளவுகோலாகக் காட்டும் அளவுக்கு அது புகழ்பெற்றிருந்தது. பத்தாம் நூற்றாண்டுப் பட்டசாலியரின் நேர் வழித்தோன்றல்களே இன்றைய பட்டு நெசவாளர் என்று சொல்லிவிடுவது எளிது, அது பிழையாகிவிடக்கூடும். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டில் பல நெசவுக் குடிகள் பல திசைகளிலிருந்து இந்நகரில் வந்து குடியேறியிருக்கின்றன. தொடர்ச்சி இரத்தத்தில் இருந்ததா என்பதைவிட, தெருவும் தொழிலும் கோயிலும் ஒன்றையொன்று தாங்கி நின்ற முறையில் இருந்தது என்பதே உறுதியாகச் சொல்லத்தக்கது.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒரு வீட்டுத் தறியை அருகில் நின்று காண்பவர்க்கு இவ்வமைப்பின் உழைப்பு விளங்கும். தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் இருக்கும் மிதிகளைக் காலால் மாற்றி மாற்றி மிதித்து நெசவாளர் நெய்கிறார். கோர்வை எனப்படும் முறையில் சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக ஊடை இழை ஓட வேண்டும் என்பதால், நடுவே ஒன்றும் இரு கரைக்கு ஒவ்வொன்றுமாக மூன்று நாடாக்கள் தேவைப்படுகின்றன. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பித் தர அருகில் மற்றொருவர் அமர்ந்திருப்பார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு வரியிலும் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. அதனாலேயே சேலை நைந்த பின்னும் கரை எளிதில் பிரிவதில்லை. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பட்டின் பெயரைத் தாங்கி விசைத்தறித் துணிகளும் சந்தைக்கு வரும் இக்காலத்தில், இவ்வீடுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது காஞ்சியின் எந்தக் கட்டடம் இடிவதையும்விடக் கவலை தரும் இழப்பாகும். வைகாசிக் கருட சேவையில் வரதராசப் பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது அணியும் பட்டும், வழியெங்கும் மண்டகப்படி நடத்தி அவரை நிறுத்தி உபசரிக்கும் வழக்கமும், விழா என்பது ஊராரின் பொறுப்பு என்ற பழைய ஏற்பாட்டின் இன்றைய வடிவங்களாகும். மண்டகப்படி என்பது ஒரு குடும்பமோ தொழில் குழுவோ ஒரு நாளின் உபயத்தை, அதாவது செலவையும் உபசாரத்தையும், தன்னதாக ஏற்கும் முறை.

தமிழ்நாட்டில் அண்மைக்காலத்தில் வரலாற்று நிறைவு விழாக்கள் பெரிய அளவில் நடந்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு 2010 செப்டம்பரில் கொண்டாடப்பட்டபோது ஆயிரம் நடனக் கலைஞர்கள் ஒரே நேரத்தில் ஆடினர். சிறப்பு நாணயமும் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டன. இராசேந்திரன் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு விழா 2014இலும், தென்கிழக்காசியாவுக்கு அவன் அனுப்பிய கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு விழா பிரதமர் கலந்துகொள்ள 2025 சூலையிலும் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்றன. இவ்விழாக்கள் பல்லாயிரம் பேரை வரலாற்றின் பக்கம் திருப்பின என்பதில் ஐயமில்லை. ஆனால் கச்சிப்பேட்டு ஏட்டோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. இக்கால விழாவுக்கு ஒரு முறை பெருந்தொகை ஒதுக்கப்படுகிறது, விழா முடிந்ததும் பந்தலோடு அதுவும் முடிகிறது. அக்கால விழாவுக்கு முதல் கெடாத பொன் வைக்கப்பட்டது, அதன் வட்டி ஆண்டுதோறும் அடுத்த விழாவைக் கொண்டு வந்தது.

பல்லவமல்லன் காஞ்சியில் முடிசூடிய நிகழ்வுக்கு 2031ஐ ஒட்டி 1300 ஆண்டு நிறைகிறது. காஞ்சி அரண்மனைக்கென்று ஓர் ஆண்டு விழா எடுக்க முடியுமானால், கட்டிய நாள் தெரியாத அம்மாளிகைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை; யானைமேல் வந்த சிறுவனை நகரத்தார் எதிர்கொண்ட காட்சி கல்லிலும் எழுத்திலும் ஒருங்கே பதிவாகியிருக்கும் சுவர் அங்கேயே நிற்கிறது. வருவோர்க்கு முதலில் தேவைப்படுவது மேடையும் ஒலிபெருக்கியும் அல்ல. திருச்சுற்றில் எந்தச் சிற்பம் எதைக் காட்டுகிறது என்று தமிழில் விளக்கும் பலகைகளும், மீனாட்சியின் ஆய்வைப் பொதுவாசகர் கையில் கொண்டு சேர்க்கும் சிறு நூலும், மழைநீரும் உப்பும் மணற்கல்லை மேலும் அரிக்காமல் காக்கும் தொடர் பராமரிப்பும், எழும்பூரில் உள்ள செப்பேட்டின் படியை ஊரகத்து நெசவுத் தெருக்களின் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே காணும் வாய்ப்பும் அவற்றுக்கு முன் செய்யத்தக்கவை. உத்தம சோழனின் ஆணை எண்ணெய்க்கும் பூவுக்கும் கூலிக்கும் தனித்தனியே வகை செய்ததுபோல், இவற்றுக்கும் ஆண்டுதோறும் வரும் நிதியும், அதைக் கண்காணிக்க நகரத்தார் குழுவும், விழா முடிந்த கையோடு கணக்குப் பார்க்கும் நாளும் குறிக்கப்பட வேண்டும்.

சோழர் ஆட்சி தளர்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில் காகதீய மன்னன் கணபதி காஞ்சி வரை வந்து, ஏகாம்பரநாதர் கோயிலில் 1249ஆம் ஆண்டுக் கல்வெட்டை விட்டுச் சென்ற வரலாறும், அப்போது இந்நகருக்காகப் பல அரசுகள் நடத்திய போட்டியும் அடுத்த பகுதியில் ஆராயப்படும்.

(தொடரும்)